வாயு இல்லாதிருந்தால்? ‘தி கிளவுட் மைண்டர்ஸ்’ கதைக்கு ஒரு மறுபார்வை

‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரின் 79 கதைகளில் தலைசிறந்தவை எவை, மோசமானவை எவை என்பதில் ரசிகர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து உண்டு. இடையில் கிடப்பவற்றைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1969 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ‘தி கிளவுட் மைண்டர்ஸ்’ அப்படிக் கிடக்கும் ஒரு கதை. செலவைக் குறைத்து, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, தொடரையே நிறுத்திவிடலாம் என்று நிர்வாகம் எண்ணிக்கொண்டிருந்த மூன்றாவது பருவத்தில் எடுக்கப்பட்டது. இதன்மேல் பொதுவாகச் சொல்லப்படும் குற்றம், உழைப்பாளிகளின் அடிமைநிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு, கடைசியில் பழியை ஒரு வாயுவின்மேல் போட்டு, முகமூடி கொடுத்துக் கதையை முடித்துவிட்டது என்பதே. இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் சரி. வாயு என்ற கற்பனையில் பிழையில்லை. அதற்கு மெய்யான வரலாறு இருக்கிறது, அதுவும் ரப்பர் தொழிலின் வரலாறு. கதை சறுக்குவது வேறிடத்தில். அறிவு உண்டு என்று முதலில் மெய்ப்பித்தால்தான் உரிமை கேட்கலாம் என்ற முறையை அது ஒரு வார்த்தைகூட எதிர்க்காமல் ஏற்றுக்கொள்கிறது. குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் அதைச் சுற்றியுள்ள பழைய கல்குளம் தாலுகாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்ததை அறிந்த ஒருவர் இந்தக் கதையைப் பார்த்தால், அது எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்பது உடனே புலப்படும்.

கதை சுருக்கமாக இதுதான். மெராக் என்ற கோளில் பயிர்களைக் கொள்ளைநோய் அழித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தடுக்க ஸீனைட் என்ற கனிமம் வேண்டும். அது ஆர்டானா கோளில்தான் கிடைக்கிறது. விண்கப்பலின் கேப்டன் கிர்க்கும் அதிகாரி ஸ்பாக்கும் அதை வாங்கிப்போக வருகிறார்கள். ஆர்டானாவின் ஆளும் வர்க்கம் மேகத்தில் மிதக்கும் ஸ்ட்ராடோஸ் நகரத்தில் ஓவியமும் சிற்பமும் தத்துவமுமாக வாழ்கிறது. ட்ரோக்லைட்டுகள் என்று அழைக்கப்படுபவர்கள் கீழே சுரங்கத்தில் ஸீனைட் தோண்டுகிறார்கள். அவர்களில் ஒரு குழு கிளர்ச்சியில் இறங்கி, கனிமத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறது. தொடக்கத்திலேயே வரும் ஒரு காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நகரத் தலைவர் பிளாஸஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியைப் பிடித்து வைத்து விசாரிக்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. பிடியை உதறிக்கொண்டு ஓடி, மாடத்தின் விளிம்பிலிருந்து மேகத்துக்குள் குதித்துவிடுகிறான். தோழர்களைக் காட்டிக்கொடுப்பதைவிட சாவது மேல் என்று முடிவெடுத்த மனிதன் அவன். அடுத்த அரைமணி நேரத்துக்கு இவர்களால் சிந்திக்க முடியாது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு டாக்டர் மெக்காய் கப்பலில் ஆராய்ந்து, சுத்திகரிக்காத ஸீனைட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத ஒரு வாயு கசிகிறது என்றும், அது அறிவை மழுங்கடித்து உணர்ச்சியைத் தூண்டுகிறது என்றும் கண்டுபிடிக்கிறார். வடிகட்டும் முகமூடி போட்டால் போதும். பிளாஸஸ் நம்ப மறுக்கிறார். கிளர்ச்சித் தலைவி வான்னாவும் நம்பவில்லை. கிர்க் பிளாஸஸைச் சுரங்கத்துக்குள் இழுத்து அடைத்து, வாயு வேலை செய்வதை நேரில் காட்டுகிறார். இருவரும் புத்தி பிசகி அடித்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து வான்னா நம்புகிறாள். முகமூடிக்குப் பதிலாக ஸீனைட் கைமாறுகிறது.

இந்த முடிவை முதலில் வெறுத்தவர் மூலக்கதை எழுதியவர்களில் ஒருவரான டேவிட் ஜெரால்டுதான். ஆலிவர் கிராஃபோர்டுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கதையை மார்கரெட் ஆர்மன் திரைக்கதையாக மாற்றினார். தன் மூலத்தில் வாயுவே கிடையாது, வர்க்க மோதலுக்கு எளிய தீர்வும் கிடையாது என்று ஜெரால்டு பின்னாளில் எழுதினார். மேலே இன்புறுவோர், கீழே உழைப்போர் என்ற இரட்டை உலகம் அறிபுனைவுக்குப் பழையது. எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் ‘தி டைம் மெஷின்’ நாவலில் அதை எழுதிவிட்டார். ஃப்ரிட்ஸ் லாங் 1927-ல் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் எடுத்துவிட்டார். வெல்ஸ் அந்தப் பிளவைப் பரிணாமத்தின் விளைவு என்றார். லாங் அதை ஒரு காதலின் வழியே சமரசம் செய்துவைத்தார். இந்தத் தொலைக்காட்சிக் கதை அந்தப் பிளவுக்கு மருத்துவக் காரணம் தேடியது. மூன்று விடைகளையும் ஒப்பிட்டால் மருத்துவக் காரணம் மட்டுமே சோதித்துப் பார்க்கக்கூடியது. ஆகவே, அது வெறும் தப்பித்தலா என்று முதலில் சோதித்துவிடுவோம்.

குலசேகரம் ரப்பரால் வளர்ந்த ஊர். விடியுமுன் தோட்டத்துக்குப் போய்ப் பால்வெட்டுகிறவர்கள், சிரட்டையில் சேர்ந்த பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்கிறார்கள். அந்த ஆசிட்டின் நெடி மூக்கில் ஏறும், கண்ணை எரிக்கும், ஆனால் புத்தியைக் குலைக்காது. இந்த ஷீட் கப்பலேறிச் சேர்ந்த தொழிற்சாலை உலகத்தில் அப்படியல்ல. 1846-ல் அலெக்சாண்டர் பார்க்ஸ் இங்கிலாந்தில் ரப்பரைச் சூடாக்காமலே பதப்படுத்தும் முறையைக் கண்டார். அதற்குக் கார்பன் டைசல்பைடு என்ற கரைப்பான் வேண்டும். பத்தே ஆண்டுகளில், 1856-ல், அகுஸ்த் டெல்பெஷ் என்ற பாரிஸ் மருத்துவர், ரப்பர் பலூன் முதலியவை செய்யும் தொழிலாளிகளிடம் ஒரு விசித்திரமான நோயைப் பதிவு செய்தார். முதலில் காரணமில்லாத கோபம், ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத கிளர்ச்சி. பிறகு மறதி, சோர்வு, சிந்தனை மந்தம். உணர்ச்சி பொங்கி அறிவு மங்கும் நோய். 113 ஆண்டுகள் கழித்து மெக்காய் சொல்வதும் ஏறத்தாழ இதேதான். இங்கிலாந்தில் தாமஸ் ஆலிவர் 1902-ல் வெளியிட்ட ஆபத்தான தொழில்கள் பற்றிய நூலில், பித்தேறிய தொழிலாளிகள் வெளியே குதித்துவிடாமலிருக்க ரப்பர்ச் சாலைகளின் ஜன்னல்களுக்குக் கம்பி போட்டதைக் குறிப்பிடுகிறார். முகமூடி கொடுக்க வேண்டிய இடத்தில் கம்பி கொடுத்திருக்கிறார்கள். ஆக, உழைப்பவர்களின் இயல்பு என்று மற்றவர்கள் நினைத்தது உண்மையில் அவர்கள் மூச்சில் இழுத்த நஞ்சு என்ற கருத்து வரலாற்றில் நடந்ததுதான். அதைக் கதையில் கொண்டுவந்தது கோழைத்தனம் என்று சொல்ல முடியாது.

இந்த வரலாற்றில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1888-ல் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ இதே கார்பன் டைசல்பைடு நோயாளிகளைப் பார்த்து, இது ஹிஸ்டீரியா என்றார். அந்த நஞ்சு ஏற்கெனவே பலவீனமான மனத்தைத் தூண்டிவிட்டது, அவ்வளவே என்பது அவர் கணிப்பு. நஞ்சு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், பழி பாதி அளவுக்குத் தொழிலாளியின் பிறவி இயல்பின்மேலேயே திரும்பி விழுந்தது. அறிவியல் சான்று வந்துவிட்டால் அநீதி தானாக விலகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நேர் எதிர்ச்சான்று. சான்றைக் கையிலெடுத்துப் போராட ஆளிருந்த இடத்தில்தான் அது பயன்பட்டது. ‘தி கிளவுட் மைண்டர்ஸ்’ ஒளிபரப்பான அதே வாரத்தில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல் நோயைத் தொழில்நோயாக ஏற்க வேண்டும் என்பது கோரிக்கை. சில மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய், நோயின் மூலத்தைத் தொழிலாளர்களுக்கு விளக்கியிருந்தார்கள். மார்ச் 11 அன்று ஆளுநர் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகே அவர்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். நமக்குப் பக்கத்தில் பார்த்தால் கொடைக்கானல். பாதரச ஆவியும் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, நரம்பையும் மனநிலையையும் தாக்கும். அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டதோ 2016-ல். அதுவும் மனிதாபிமான அடிப்படையில் தருவதாகத்தான், நோய்க்கான பொறுப்பை ஏற்று அல்ல. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் தொழிலாளர்களின் விடாப்பிடியில் கழிந்தவை.

இந்த உண்மைகளோடு ஒப்பிடும்போதுதான் கதையின் உண்மையான குறை தெரிகிறது. வாயு இருப்பதை மெக்காய் கண்டுபிடித்ததும், ட்ரோக்லைட்டுகளின் கோரிக்கைகள் எல்லாம் அந்த ஒரு கண்டுபிடிப்பில் தொங்கத் தொடங்குகின்றன. அவர்கள் மந்தமானவர்கள் என்று பிளாஸஸ் சொன்னதைக் கிர்க்கின் தரப்பு மறுக்கவில்லை. மந்தம்தான், ஆனால் காரணம் வேறு என்கிறது. அப்படியானால் ஆராய்ச்சியில் வாயு எதுவும் அகப்படாமல் போயிருந்தால்? விசாரணையில் அவர்களை வாட்டிய கதிர்க்கருவி நியாயமாகிவிடுமா? நகரத்துக்குள் வரக் கூடாது என்ற தடை நியாயமாகிவிடுமா? கதை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டால் தன் தீர்வு கலைந்துவிடும் என்பதால் கேட்கவும் முடியாது. ஒரு கணம் மட்டும் அது உண்மைக்கு மிக அருகில் வருகிறது. காணவோ உணரவோ முடியாத ஒன்று இவ்வளவு கேட்டைச் செய்யுமா என்று வான்னா வியக்கும்போது, எண்ணமும் அப்படிப்பட்டதுதான், தவறான ஓர் எண்ணமே உங்களை நூற்றாண்டுகளாகச் சுரங்கத்தில் வைத்திருக்கிறது என்ற பொருளில் கிர்க் பதில் சொல்கிறார். முழுக் கதையிலும் சிறந்த வசனம் இதுதான். இதைச் சொன்ன கையோடு, எண்ணத்தை விட்டுவிட்டு வாயுவை மட்டும் வடிகட்டப் போய்விடுகிறார்கள்.

கதைக்குள்ளேயே இதற்கு எதிரான சான்று குவிந்திருக்கிறது. சுரங்கத்தாரிடம் கட்டுப்பாடான இயக்கம் இருக்கிறது. ஒப்புக்கொண்ட கனிமத்தைத் தராமல் நிறுத்தி வைக்கும் உத்தி இருக்கிறது. தேவைப்படும் பொருள் தங்கள் கையில்தான் இருக்கிறது என்ற கணக்கு இருக்கிறது. பிடிபட்டால் வாய் திறக்காத உறுதி இருக்கிறது. வான்னா பிளாஸஸின் வீட்டில் வேலை செய்து அந்த நகரத்தின் உள்வழிகளை அறிந்து வைத்திருப்பவள். இதற்குக் கதை ஒரு சமாதானம் வைத்திருக்கிறது. சுரங்கத்தை விட்டு மேலே போய் வேலை பார்த்தவர்களுக்கு வாயுவின் பிடி தளர்ந்தது, அதனால்தான் அவர்களுக்கு அநீதி உறைத்தது என்கிறது. பார்வையாளர் பலர் இதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இதன் பொருள் என்னவென்று பாருங்கள். எஜமானரின் வீட்டுக் காற்றைச் சுவாசித்தவருக்கே விடுதலை உணர்வு வரும், கீழே இருப்பவர்களுக்குத் தங்கள் நிலை தங்களுக்கே தெரியாது என்றாகிறது. வான்னாவின் பின்னால் நின்றவர்கள் கீழே இருந்தவர்கள்தானே. தலைவிக்குப் புத்தி தெளிந்த கதையைச் சொன்னவர்கள், அவள் சொல்லுக்கு உயிரையும் கொடுக்கத் துணிந்த கூட்டத்தின் புத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குலசேகரமும் கல்குளமும் அடங்கிய தென்திருவிதாங்கூரின் வரலாறு இந்த இடத்தில்தான் கை கொடுக்கிறது. அந்நாளில் சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்த தோள்சீலைப் போராட்டம் 1822-ல் கல்குளம் பகுதியில் வெடித்தது. 1820-களின் இறுதியில் மறுபடி கலவரம். 1829-ல் அரசு பிறப்பித்த ஆணை அப்பெண்களுக்கு எதிராகவே இருந்தது. 1859 ஜூலை 26-ல் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்தால் வந்த அறிவிப்பு, மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றது. இந்த முப்பத்தேழு ஆண்டுகளிலும் எதிர்த்தரப்பு அப்பெண்களிடம் தகுதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. போராடியவர்கள் தகுதியை மெய்ப்பித்துவிட்டு வந்து கேட்கவில்லை. முதலில் உடுத்தினார்கள். எதிர்த்தரப்பினர் கிழித்தெறிந்தார்கள், இவர்கள் மறுபடி உடுத்தினார்கள். இதே காலத்தில்தான், 1849-ல், திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி ராபர்ட் கால்டுவெல் ‘தி தின்னவேலி ஷானார்ஸ்’ நூலை வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த பேரறிஞர், தம் சபையில் சேர்ந்த மக்களையே அறிவில் மந்தமானவர்கள் என்ற பொருள்பட அதில் விவரித்தார். பனை ஏறும் உழைப்பையும் ஏறுபவரின் மனத்தையும் ஒரே தராசில் வைத்த எழுத்து அது. பிளாஸஸ் பேசும் மொழிக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. அந்தச் சமூகத்தார் அதைச் சும்மா விடவில்லை. அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிமாரின் மேலாதிக்கத்தை எதிர்த்து 1857-ல் தனித் திருச்சபையே கண்டார். எதிர்ப்பு பல்லாண்டுகள் தொடர்ந்து, நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. நூலின் கூற்றைப் பொய்யாக்க எந்த மருத்துவரின் ஆய்வும் தேவைப்படவில்லை.

வான்னா மேலே போனதால்தான் விழித்தாள் என்ற வாதத்துக்கும் இங்கே ஓர் இணை உண்டு. லண்டன் மிஷன் பள்ளிகள் இல்லாமல் அந்த விழிப்பு வந்திருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பள்ளிகளின் பங்கைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடு. மயிலாடியில் தொடங்கி நாகர்கோவிலில் வேர்விட்ட கல்வி பல தலைமுறைகளைத் தூக்கிவிட்டது. ஆயினும் 1830-களில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் எந்த மிஷன் பள்ளியையும் சாராமல் எழுந்தார். தலைப்பாகை கட்டுவது மறுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. கீழே, சுரங்கத்துக்குள்ளேயே, முகமூடி எதுவுமின்றித் தெளிந்த சிந்தனைக்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு மறுப்பை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். 1969-ன் குளிர்காலத்தில்தான் ஆர்தர் ஜென்சன் ஹார்வர்டு கல்வி ஆய்விதழில், இனங்களுக்கிடையிலான அறிவுத்திறன் வேறுபாட்டில் மரபுக்குப் பெரும் பங்கு இருக்கலாம் என்று வாதிட்டு நாட்டையே கலக்கினார். அந்தச் சூழலில், வேறுபாட்டுக்குக் காரணம் பிறப்பல்ல, சூழல்தான் என்று லட்சக்கணக்கான வீடுகளில் சொன்ன ஒரு பொழுதுபோக்குக் கதை முற்போக்கானது இல்லையா? ஆம், முற்போக்கானதுதான். இந்தக் கதையை நடுவில் வைக்கலாமே தவிர அடியில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். ஆனால், ஜென்சனுக்கு மறுமொழி சொல்ல சூழல்வாதம் போதும். உரிமைக்கு அடித்தளம் போட அது போதாது. சூழலைச் சரிசெய்த பிறகும் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், அப்போது என்ன சொல்வது? உரிமையை அளவெடுத்துத் தரும் முறையை ஒப்புக்கொண்டவர் அளவுகோல் எதிராகத் திரும்பும்போது வாயடைத்து நிற்பார். சாதியை விண்வெளிச் சுரங்கத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது, சுரங்கம் தொழில், சாதி பிறப்பு என்றும் சொல்லலாம். ஆனால் ஆர்டானாவில் சுரங்கத்தானின் பிள்ளை சுரங்கத்தானாகவே பிறக்கிறான். தொழிலைப் பிறப்போடு பூட்டிய பூட்டு அது, நமக்குப் புதிதல்ல.

ஐம்பது நிமிட வணிகத் தொலைக்காட்சியிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பதற்கு அதே தொடரே பதில் சொல்லிவிட்டது. 1967 மார்ச்சில் வந்த ‘தி டெவில் இன் தி டார்க்’ கதையின் களமும் சுரங்கம்தான். அங்கே தொழிலாளிகளைக் கொல்லும் பாறை உயிரி தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று தெரிகிறது. அதன் அறிவை அளந்து பார்த்த பிறகுதான் வாழ விட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதற்கு நேர்ந்த இழப்பு புரிந்ததும் உறவு மாறிவிடுகிறது. நடிப்பிலும் ‘தி கிளவுட் மைண்டர்ஸ்’ வெறுங்கையோடு நிற்கவில்லை. பிளாஸஸாக நடித்த ஜெஃப் கோரி, 1950-களில் அரசியல் விசாரணையில் நண்பர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் பல ஆண்டுகள் திரைவாய்ப்பு இழந்தவர். காட்டிக்கொடுக்காத தொழிலாளி மாடத்திலிருந்து குதிக்கும் காட்சியில் எதிரே நிற்பவர் அவர்தான். அந்த முகத்தில் தெரியும் சலனமற்ற அதிகாரம் இந்தக் கதைக்குக் கிடைத்த கொடை. பிளாஸஸின் மகள் டிராக்சீனும் ஸ்பாக்கும் பேசும் நீண்ட பகுதி மட்டும் தேவையற்றது. தன் இனத்தின் அந்தரங்க வழக்கத்தை ‘அமோக் டைம்’ கதையில் சொல்லத் தயங்கிய ஸ்பாக் இங்கே அதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுவதை ரசிகர்கள் குறை சொன்னது நியாயமே.

கடைசியாகக் கதை தொடாமலே விட்ட ஒரு விஷயம், வாங்குபவரின் பங்கு. கிர்க் நடுநிலையான நீதிபதியாக ஆர்டானாவுக்கு வரவில்லை. ஸீனைட் வாங்க வருகிறார், அதுவும் மணிக்கணக்கில் கெடு வைத்து. அவர் சார்ந்த கூட்டமைப்பு இந்தக் கனிமத்தை இதுவரை யார் தோண்டினார்கள் என்று கேட்காமலே இருந்திருக்கிறது. தோட்டத்துப் பாலுக்கு விலை எங்கோ தொலைவில் நிர்ணயிக்கப்படும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்ததுதான். முடிவில் பெட்டிகள் கப்பலேறுகின்றன, முகமூடிகள் சுரங்கத்தில் இறங்குகின்றன. கூலி, வீடு, மேலே குடியேறும் உரிமை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு விடப்படுகின்றன. படமாக்கப்படாத தன் மூலத்தில் ஜெரால்டு இந்த இடத்தை வேறுவிதமாக எழுதியிருந்தார். ஒரு தொடக்கமாவது கிடைத்ததே என்று கிர்க் ஆறுதல் கொள்ள, அதுவரை எத்தனை குழந்தைகள் சாகும் என்று மெக்காய் கேட்பார். மருத்துவராக வந்து தீர்வை நீட்டுவதற்குப் பதிலாக மருத்துவராக நின்று கணக்குக் கேட்கும் அந்த மெக்காயை வைத்துக்கொண்டு, வாயுவையும் விட்டுவிடாமல் சேர்த்து எழுதியிருக்க முடியும். மேற்கு வர்ஜீனியாவில் தூசியையும் கோரிக்கையையும் ஒன்றாகத்தான் வைத்துப் போராடினார்கள். அப்படி எழுதியிருந்தால் மூன்றாம் பருவத்தின் 24 கதைகளில் இது முதல் வரிசைக்குப் போயிருக்கும்.